பனிவண்டி நாய்களை நெடுந்தூரப் பந்தயத்துக்குப் பழக்குவது எப்படி?

கண்டனூர்க்காரர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பம் கண்டனூர்ப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு ஜோடி வளர்த்துவருகிறது. பெரிய மாடு பிரிவில் போய்வர 8 மைல் என்று எல்லை வைத்தாலே, சாரதி மாட்டின் மூச்சைக் கணக்குப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். அப்படியிருக்க, அலாஸ்காவில் ஆண்டுதோறும் மார்ச் மாதம் நடக்கும் இடிடராட் பந்தயத்தில் நாய்கள் நோம் நகர் வரை ஏறத்தாழ 1,000 மைல் வண்டி இழுக்கின்றன என்று கேள்விப்பட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. காணொளிகளைப் பார்த்த பிறகே நம்பினேன். எந்த மாதத்தில் பயிற்சியைத் தொடங்குகிறார்கள், தூரத்தை எப்படிக் கூட்டுகிறார்கள், முன்னால் ஓடும் நாயை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை அறிய விரும்புகிறேன். இன்னொன்று: காரைக்குடியில் இருக்கும் என் அண்ணன் மகன் இரண்டு சைபீரியன் ஹஸ்கி வாங்கியிருக்கிறான். சிறு சக்கரவண்டி ஒன்று செய்து அவற்றை இழுக்கப் பழக்கப்போவதாகச் சொல்கிறான். அது சரிப்படுமா?

ஃபேர்பேங்ஸ் வாசி:

வணக்கம் ஐயா. எனக்குப் பூர்விகம் பள்ளத்தூர், வேலை அலாஸ்காவில். குளிர்கால விடுமுறைகளில் இங்குள்ள ஒரு நாய்ப் பண்ணைக்கு உதவியாகப் போவதுண்டு.

இந்தப் பந்தயத்தில் ஓடுபவை பெரும்பாலும் சைபீரியன் ஹஸ்கிகள் அல்ல. அலாஸ்கன் ஹஸ்கி எனப்படும் கலப்பு நாய்கள். தோற்றத்தைப் பொருட்படுத்தாமல் ஓட்டத்துக்காகவும் பசிக்காகவும் பாதத்தின் உறுதிக்காகவும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. எடை 20 முதல் 25 கிலோ வரைதான் இருக்கும்.

பயிற்சி ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும். அப்போது பனி இல்லாததால் நான்கு சக்கர மோட்டார் வண்டி ஒன்றில் நாய்களைப் பூட்டி, விடியற்காலைக் குளிரில் இரண்டு மூன்று மைல் மட்டும் ஓட்டுவார்கள். வண்டியின் கனம் வேகத்தைப் பிடித்து நிறுத்துவதால், நாய் பாய்ந்தோடாமல் மணிக்கு 8 முதல் 10 மைல் என்ற சீரான ஓட்டத்துக்குப் பழகிக்கொள்கிறது. பிறகு 10, 20, 30 மைல் என்று தூரம் கூடும். டிசம்பரில் 50 மைல் ஓடி, பனிவெளியிலேயே தங்கி, மறுபடியும் ஓடுவார்கள். பந்தயத்துக்குள் பல அணிகள் 2,000 மைலுக்கு மேல் ஓடி முடித்திருக்கும்.

என் பார்வையில், இவர்கள் உண்மையில் பழக்குவது ஓய்வைத்தான். ஐந்தாறு மணி நேரம் ஓட்டம், ஏறத்தாழ அதே அளவு ஓய்வு, களைப்பு முழுவதும் தீராத நிலையிலேயே மீண்டும் ஓட்டம் என்ற சுழற்சிக்கு உடல் இணங்க வேண்டும். நின்ற இடத்தில் வைத்ததைத் தின்று, வைக்கோலில் படுத்தவுடன் தூங்காத நாய், எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் அணியில் நிலைக்காது. பந்தய நாட்களில் ஒரு நாய்க்கு நாளொன்றுக்கு 10,000 கலோரிக்கு மேல் தேவைப்படுகிறது. அதில் பெரும்பங்கு கொழுப்பிலிருந்து வருகிறது. குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரையில், முதல் நாள் முந்திக்கொண்டு போனவருக்கே கால் முதலில் கொப்புளிக்கும் அல்லவா? இங்கும் பாதம்தான் பெரும் கவலை. அதனால் நாய் ஒவ்வொன்றுக்கும் நான்கு துணிக் காலுறைகள் மாட்டுவார்கள். நாய்கள் உறங்கும்போது ஓட்டுபவர் அவற்றைக் கழற்றி, பாதத்தில் களிம்பு தடவி, பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருப்பார். நேரம் மிச்சமிருந்தால்தான் அவருக்குத் தூக்கம்.

முன்னோடி நாய் பலசாலியாக இருக்க வேண்டுமென்பதில்லை. பலசாலிகளை வண்டியை ஒட்டிய கடைசி இணையில் கட்டுவார்கள். முன்னோடிக்கு வேண்டியது கயிற்றைத் தொய்யவிடாத குணம், உறைந்த ஆற்றின்மேல் கால் வைக்கத் தயங்காத துணிவு, சொல்லைக் கேட்கும் காது. மூக்கணாங்கயிறு இல்லை, கடிவாளமும் இல்லை. ‘ஜீ’ என்றால் வலம், ‘ஹா’ என்றால் இடம், அவ்வளவுதான். இளம் நாயை அனுபவமுள்ள முன்னோடிக்குப் பக்கத்தில் கட்டிப் பல மாதங்கள் ஓடவிடுவதே அதற்குப் பள்ளிக்கூடம்.

தேவகோட்டை கால்நடை மருத்துவர்:

அண்ணன் மகனின் ஹஸ்கிகளைப் பற்றி நான் சொல்கிறேன். நாய்க்குப் பாதங்களைத் தவிர வேறெங்கும் வியர்வை சொல்லும்படி இல்லை. மூச்சிரைத்துத்தான் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள முடியும். வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே பனிவண்டி ஓட்டுபவர்கள் பயிற்சியை நிறுத்தவோ குறைக்கவோ செய்கிறார்கள். காரைக்குடியில் மார்கழி விடியலில்கூட அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. சித்திரை, வைகாசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உடற்சூடு 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்பட்டு நாய் சில மணி நேரத்தில் இறந்துபோகலாம். ஆகவே வண்டி வேண்டாம். சூரியன் எழும் முன் கண்மாய்க் கரை மண்பாதையில் நடத்திச் செல்வதே போதும். தார்ச்சாலை பாதத்தைப் பொசுக்கிவிடும். பந்தய நாய்க்குக் கொடுக்கிறார்களே என்று கொழுப்பை அள்ளி வைத்துவிடவும் வேண்டாம். வீட்டு நாய்க்கு அது கணைய அழற்சியில் முடியும். நம் ஊர் வெயிலில் இந்த இனத்தை விற்பதிலேயே எனக்கு உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கண்டனூர்க்காரர்:

இருவருக்கும் நன்றி. அவனிடம் இதை அப்படியே படித்துக்காட்டுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருக்கிறது: இவ்வளவு நேரம் ஓய்வெடுத்தால் பின்னால் வருபவன் முந்திவிட மாட்டானா?

ஃபேர்பேங்ஸ் வாசி:

முந்துவான் ஐயா, அடுத்த தங்குமிடத்தில் அவன் நாய்கள் படுத்திருக்கும்போது நாம் கடந்து போவோம். தவிர, 24 மணி நேர ஓய்வு ஒன்றும் 8 மணி நேர ஓய்வு இரண்டும் எல்லா அணிக்கும் கட்டாயம். வழியெங்கும் மருத்துவர்கள் நாய்களைப் பரிசோதிப்பார்கள். தளர்ந்த நாயை அங்கேயே விட்டுச் செல்லலாம், ஆனால் புதிய நாயைச் சேர்க்க முடியாது. குறைந்தது ஐந்து நாய்களாவது இழுத்துக்கொண்டு எல்லையைத் தொட வேண்டும். 1973இல் நோம் வரை நடந்த முதல் பந்தயத்தில் வென்றவருக்கு ஏறத்தாழ 20 நாட்கள் ஆயின. 2017இல் வென்றவர் எட்டு நாள் மூன்று மணி நேரச் சொச்சத்தில் முடித்தார். தடமும் கருவிகளும் மேம்பட்டது ஒரு காரணம். ஓட்டத்தையும் ஓய்வையும் கணக்கிட்டுப் பிரிக்கக் கற்றுக்கொண்டது மற்றொன்று.

தேவகோட்டை கால்நடை மருத்துவர்:

இந்தக் கணக்கை உங்கள் ஜோடிக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். மாடு அசைபோடும் விலங்கு. வயிறு நிறையத் தீனி வைத்த கையோடு அதை ஓட்டக் கூடாது. உங்கள் 8 மைல் ஒரே மூச்சில் முடிவது என்பதால், அங்கே கவனிக்க வேண்டியது ஓட்டத்துக்கு முன்பும் பின்பும் கொடுக்கும் தண்ணீரும் நிழலும், குளம்பில் அடித்த லாடமும்தான்.