சாம்பாரில் கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா?

தறிக்காரர் மனைவி:
கணவருக்கு 41 வயது. குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் சாராய வாடையே இருக்காது. மாலையைக் கழற்றிய இரவே பழைய கதைதான். போன மாதம் தானாகவே நிறுத்தினார். மூன்றாம் நாள் ராத்திரி, இல்லாத எறும்புகளைச் சுவரிலிருந்து தட்டிக்கொண்டிருந்தார். கை நடுக்கத்தில் தண்ணீர்ச் சொம்பைப் பிடிக்க முடியவில்லை. அரசு மருத்துவமனையில் ஒன்பது நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது, இன்னும் தொடவில்லை. ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "நான் என்ன சர்க்கரை நோயாளியா?" என்று பாதியை விட்டுவிடுகிறார்.

நேற்று மாமியார் பெயர் கிழிந்த ஓர் அட்டையைக் கொண்டுவந்தார். பொடித்துச் சாம்பாரில் கலந்துவிட வேண்டுமாம். குடித்தால் வாந்தி வந்து தானே விட்டுவிடுவாராம். கொடுக்கலாமா?

முன்னாள் ஓட்டுநர்:
கொடுக்காதீர்கள் அம்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது டைசல்ஃபிராமாக இருக்கும். நான் இரண்டு வருடம் விழுங்கிய மாத்திரை. தினமும் காலையில் 250 மில்லிகிராம், மனைவி முன்னால், தண்ணீரில் கரைத்து.

சாராயம் உடம்புக்குள் போனதும் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறும். அதைக் கல்லீரல் உடனே உடைத்துவிடும். இந்த மாத்திரை அந்த வேலையைத் தடுத்துவிடுகிறது, நஞ்சு தேங்கிப்போகும். எனக்கு அது தெரியவந்தது சாராயத்தால் அல்ல. முழங்கால் வலிக்கு மைத்துனர் கொடுத்த அரிஷ்டத்தை இரண்டு மூடி குடித்தேன். அரிஷ்டத்திலும் ஆல்கஹால் உண்டு என்பது அப்போது தோன்றவில்லை. கால் மணி நேரத்தில் காது மடல் நெருப்பாகிவிட்டது. நெஞ்சு படபடக்கிறது, தலை வெடிக்கிறது. திண்ணையில் உட்கார்ந்தவன் எழ முடியாமல் அங்கேயே வாந்தி எடுத்தேன். இரண்டு மூடிக்கு அந்தப் பாடு. விஷயமே தெரியாத மனிதர் முழு குவார்ட்டரைக் குடித்தால்? இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். கலப்பதை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து இருக்கும்.

இன்னொன்று. அது ஆசையைக் குறைக்கும் மருந்தல்ல. பயத்தைக் காவலுக்கு வைக்கிறது, அவ்வளவுதான். பயப்பட வேண்டியவருக்கே தெரியாவிட்டால் காவல் எங்கே? என்றாவது அவருக்குத் தெரியவந்தால், அப்புறம் உங்கள் கையால் ஒரு வாய் சோறு தின்னமாட்டார்.

மருந்துக்கடைக்காரன்:
அண்ணன் சொன்னதில் மாற்றமில்லை. 1940களில் அந்த மருந்தைக் குடற்புழுவுக்கு ஆகுமா என்று டென்மார்க்கில் ஹால்ட், யாகோப்சன் என்ற இருவர் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு மது அருந்தியபோதுதான் உடம்பு படுத்தியது. தெரியாமல் விழுங்கினால் என்ன ஆகும் என்பது அன்றைக்கே தெரிந்த கதை.

ஆறு மாத்திரை என்றால் பெரும்பாலும் அகாம்பிரோசேட்: 333 மில்லிகிராம், வேளைக்கு இரண்டு. மருத்துவமனையில் கொடுத்த அட்டையில் பெயரைப் பாருங்கள். வாந்தி வரவைக்காது. குடியை நிறுத்திய மூளையில் இருக்கும் பரபரப்பை அடக்குகிறது. கல்லீரல் கெட்டவருக்கும் பொதுவாகக் கொடுப்பார்கள். சிறுநீரகத்தைத்தான் பார்க்க வேண்டும். முதல் வாரங்களில் வயிறு இளகலாம். பாதியை விட்டால் பலன் இருக்காது.

ஆறு முடியவே முடியாது என்றால் நால்ட்ரெக்சோன் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நாளைக்கு ஒன்று, 50 மில்லிகிராம். குடித்தால் வரும் சுகத்தையே மங்கச் செய்யும். கல்லீரல் பரிசோதனை வேண்டும். தறிக்காரர்களுக்கு இடுப்பு வலி சகஜம். டிராமடால் போன்ற வலி மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள், இரண்டும் சேரக் கூடாது.

மறுபடி குடித்தால் மட்டும், போன தடவைபோல் வீட்டிலேயே திடீரென நிறுத்த விடாதீர்கள். அந்த எறும்பு விளையாட்டல்ல.

தறிக்காரர் மனைவி:
எல்லோருக்கும் நன்றி. அகாம்பிரோசேட்தான். இரவு மாமியார் கொடுத்த அட்டையை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மாவா?" என்று கேட்டார். வேறெதுவும் பேசவில்லை, ஆனால் சாம்பாரை இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார். இன்று காலை இரண்டு மாத்திரையை விழுங்கினார். மதியத்துக்கு உள்ளதைத் தூக்குச்சட்டியில் வைக்க வேண்டாமாம், தறிக்கூடத்தில் கேலி செய்வார்களாம். வெற்றிலைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறேன்.