78 பல்பு, ஒரே பிரிட்ஜ்: 50-ஐத் தாண்ட வழி உண்டா?

அரிசிலாறு:
கும்பகோணத்தில் முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக மாற்றும் வேலை. பிலிப்ஸ் ஹியூ ஸ்மார்ட் பல்புகளை ஆப்பிலிருந்து இயக்கும் சதுர வடிவப் பெட்டி, அதாவது ஹியூ பிரிட்ஜ் ஒன்று கையில் இருக்கிறது. விளக்குக் கணக்கு இது: 9 அறைக்குத் தலா 4, கூடம் 6, முற்றத்தைச் சுற்றி 8, தாழ்வாரம் 14, மாடி வராந்தா 10, திண்ணை 4. ஆக மொத்தம் 78. அறைக்கு ஒன்று வீதம் 9 ரிமோட் சுவிட்ச், ஆள் நடமாட்டம் பார்க்கும் சென்சார் 6. பிரிட்ஜுக்குச் சொல்லியிருப்பதோ 50 விளக்கு, 12 துணைக்கருவி. 47 பல்பு ஏற்றிய நிலையிலேயே மொத்தமாக அணைத்தால் நாலைந்து எரிந்தபடி நிற்கின்றன. சுவர் ஒன்றரை அடி, செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். பாதி வீடு இன்வெர்ட்டர் லைனில். இன்னொரு பிரிட்ஜ் வாங்கிவிடலாமா?

வெண்ணாறு:
வாங்குவதற்கு முன் இரண்டு கோளாறையும் பிரித்துப் பாருங்கள். நாலைந்து பல்பு அணையாமல் நிற்பதற்கும் 50 என்ற வரம்புக்கும் சம்பந்தமில்லை.

50 என்பது கம்பெனி உறுதி தரும் அளவு. பிரிட்ஜின் நினைவகம் அதற்கு மேலும் கொஞ்சம் ஏற்கும், 63-இல் கதவு சாத்திவிடும். குரூப் 64, சீன் (சேமித்து வைக்கும் வெளிச்ச அமைப்பு) 200 என்று தனித்தனி வரம்புகளும் உண்டு. உங்கள் தொல்லை வேறு, அது காற்றில் போகும் கட்டளைகளின் நெரிசல். தனிப் பல்புக்கு நொடிக்கு 10 கட்டளை, குரூப்புக்கு நொடிக்கு 1, அவ்வளவுதான் ஹியூ பரிந்துரைப்பது. குரூப் கட்டளையை ஒவ்வொரு பல்பும் அடுத்த பல்புக்குத் திருப்பிச் சொல்லும். ஒன்பது அறைக்கும் ஒரே மூச்சில் ஒன்பது குரூப் கட்டளை போனால் சில பல்பு கோட்டைவிடும். மொத்தமாக அணைக்க எல்லா விளக்கையும் அடக்கிய ஒரே குரூப் போட்டு ஒரே கட்டளை கொடுங்கள். வெளியிலிருந்து எழுதிய ஆட்டோமேஷன் என்றால் அறைக்கு அறை ஒரு நொடி இடைவெளி விடுங்கள்.

இனி எண்ணிக்கை. தாழ்வாரத்து 14 விளக்கில் ஏழாவதை மட்டும் நீல நிறமாக்க யாரும் கேட்கப்போவதில்லை. சேர்ந்தே எரிந்து சேர்ந்தே அணையும் வரிசைக்குச் சாதாரண 9 வாட் எல்.இ.டி. பல்பு, அதற்குப் பின்னால் ஒரு ஜிக்பீ ரிலே (ஹியூ பேசும் அதே ஜிக்பீ ரேடியோவில் கட்டளை வாங்கி, ஒரு வரிசையை மொத்தமாகப் போட்டு அணைக்கும் சின்ன சுவிட்ச்) போதும். தாழ்வாரத்துக்கு 2 ரிலே, முற்றத்துக்கு 2, வராந்தாவுக்கு 1, திண்ணைக்கு 1. 36 பல்பு போய் 6 ரிலே வருகிறது. அறைகள் 36, கூடம் 6, ரிலே 6. ஆக 48. பழைய பிரிட்ஜே தாங்கும்.

தாழ்வாரத்தை ஏன் ஏழு ஏழாகப் பிரிக்கச் சொல்கிறேன் என்றால், 14 பல்பு சேர்ந்தாலும் 126 வாட்தான், ஆனால் எல்.இ.டி. டிரைவர்கள் (பல்புக்குள் இருக்கும் மின்சுற்று) சுவிட்சைப் போட்ட கணம் இழுக்கும் மின்னோட்டம் ரிலேயின் தொடுமுனையை ஒட்டவைத்துவிடும். பிறகு அணைத்தாலும் அணையாது.

ஆறு ரிலேயையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். தன்னை 'ஆன்/ஆஃப் விளக்கு' என்று அறிமுகம் செய்துகொள்ளும் மாடலைத்தான் ஹியூ பிரிட்ஜ் சேர்த்துக்கொள்ளும். ஒன்றை வாங்கி இணைத்துப் பார்த்த பிறகு மிச்சம்.

துணைக்கருவி 15 இருக்கிறது, 12-க்குள் வர வேண்டும். தாழ்வாரம், மாடிப்படி சென்சார் நான்கைக் கழற்றிவிட்டு 230 வோல்ட்டில் ஓடும் சாதாரண பி.ஐ.ஆர். (உடல் வெப்பத்தை வைத்து ஆள் நடமாட்டம் பார்க்கும்) சென்சாரை வயரிங்கிலேயே போடுங்கள். மீதி 11.

வெட்டாறு:
கணக்கு சரி. வயரிங்கில்தான் சிக்கல் வரும். பழைய வீட்டு சுவிட்ச் போர்டில் நியூட்ரல் இருக்காது. பேஸ் மட்டும் கீழே இறங்கி சுவிட்ச் வழியாக மேலே போகும். நியூட்ரல் மேலே ஜங்ஷன் பாக்ஸோடு நின்றுவிடும்.

நியூட்ரல் இல்லாமல் ஓடும் ரிலே கடையில் கிடைக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். இரண்டு குறை. ஒன்று, அந்த வகை பெரும்பாலும் ஜிக்பீயில் ரவுட்டராக வேலை செய்யாது, அடுத்த கருவிக்குச் செய்தி கடத்தாது. இந்தச் சுவருக்கு அது பெரிய நஷ்டம். இரண்டு, அணைத்த பிறகும் பல்பு வழியாகத் துளி மின்சாரம் போவதால் வாட் குறைந்த எல்.இ.டி. மினுக் மினுக்கென்று எரியும். அதை அடக்க பல்புக்குக் குறுக்கே பைபாஸ் கெபாசிட்டர் போட வேண்டும்.

அதனால் ரிலேயை மேலே ஜங்ஷன் பாக்ஸிலேயே வையுங்கள், நியூட்ரல் அங்கேயே இருக்கிறது. சுவிட்சிலிருந்து வரும் இரண்டு வயரையும் ரிலேயில் சுவிட்சுக்கென்று இருக்கும் முனைகளில் (பல மாடலில் எஸ்1, எஸ்2) கொடுத்தால் பழைய தட்டு சுவிட்சே ரிலேயை இயக்கும். ரிலேக்குக் கரண்ட் எப்போதும் இருக்கும். இரும்புப் பெட்டி என்றால் பி.வி.சி. பெட்டியாக மாற்றுங்கள், இரும்புக்குள் வைத்தால் சிக்னல் வெளியே வராது.

எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். பழைய வயரிங்கில் சுவிட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் உட்கார்ந்திருப்பதும் உண்டு, அப்போது அணைத்த ஹோல்டரிலும் கரண்ட் இருக்கும். பக்கத்து சர்க்யூட்டிலிருந்து நியூட்ரல் கடன் வாங்காதீர்கள். இ.எல்.சி.பி. (மின்கசிவு கண்டால் லைனைத் துண்டிக்கும் கருவி) இருந்தால் உடனே டிரிப் ஆகும். இன்வெர்ட்டர் லைனும் ஈ.பி. லைனும் தனித்தனியாக ஓடும் வீட்டில் இந்தத் தப்புதான் அதிகம் நடக்கும்.

குடமுருட்டி:
ரிலே யோசனையை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 48 என்பது விளிம்பு. விடுதி என்றால் நாளைக்கே தோட்டத்துக்கு நாலு விளக்கு வரும். இரண்டாவது பிரிட்ஜ் போடுவதானால், எல்லோரும் செய்வதுபோல் தரைத்தளம் ஒன்று, மாடி ஒன்று என்று பிரிக்காதீர்கள். இன்வெர்ட்டர் லைன் ஒன்று, ஈ.பி. லைன் ஒன்று என்று பிரியுங்கள்.

கரண்ட் போனால் ஈ.பி. பல்பு அத்தனையும் செத்துவிடும். அவற்றின் வழியாகப் பேசிக்கொண்டிருந்த இன்வெர்ட்டர் பல்பும் சென்சாரும் வேறு வழி தேடி அல்லாடும். விருந்தாளி இருட்டில் சுவிட்சை அமுக்கும் நேரமும் அதுதான். இன்வெர்ட்டர் லைன் தனி வலையாக (நெட்வொர்க்காக) இருந்தால் கரண்ட் போனது அதற்குத் தெரியவே தெரியாது.

பிரிட்ஜையும் வைஃபை பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனிலேயே வையுங்கள். இரண்டு பிரிட்ஜும் அருகருகே வேண்டாம், இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். வைஃபையை 'ஆட்டோ'வில் விடாமல் 6-ஆம் சேனலில் பூட்டிவிட்டு, ஒரு பிரிட்ஜை ஜிக்பீ 11-க்கும் மற்றதை 25-க்கும் மாற்றுங்கள். ஒன்றோடொன்று மோதாது.

பல்பை ஒரு பிரிட்ஜிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது அது எரிந்துகொண்டிருக்கும் நிலையிலேயே பழைய பிரிட்ஜின் ஆப்பில் நீக்குங்கள். கரண்ட் இல்லாமல் அணைந்த பல்பை நீக்கினால் பழைய வலையை அது மறக்காது. பிறகு பல்பின் மேல் அச்சிட்ட 6 எழுத்து சீரியல் எண்ணைக் கொடுத்துத்தான் புதியதில் சேர்க்க வேண்டிவரும். ஹோல்டரில் மாட்டும் முன் எல்லாப் பல்பின் எண்ணையும் போட்டோ எடுத்து வைப்பது நல்லது. 12 அடி உயர ஏணியில் ஏறி அந்தப் பொடி எழுத்தைப் படிப்பது பெரும்பாடு.

சுவர் விஷயத்தில் முற்றம் உங்களுக்கு வரம். சிக்னல் சுவரைத் துளைப்பதைவிட முற்றத்தின் வெட்டவெளி வழியாகச் சுலபமாகப் போகும். பிரிட்ஜை முற்றம் பார்த்த தாழ்வாரத்தில் வையுங்கள்.

அரிசிலாறு:
தெளிவாகிவிட்டது, நன்றி. இரண்டு சந்தேகம். 2025-இல் வந்த பிரிட்ஜ் ப்ரோ 150 விளக்கு ஏற்கிறதாமே, அதையே வாங்கினால் என்ன? இரவு 2 மணிக்குக் கரண்ட் வரும்போது எல்லா அறையிலும் பல்பு முழு வெளிச்சத்தில் எரிகிறதே, அதற்கு வழி?

வெண்ணாறு:
ப்ரோ 150 விளக்கு, 50 துணைக்கருவி ஏற்கும், எண்ணிக்கைத் தொல்லை தீரும். குடமுருட்டி சொன்ன கரண்ட் தொல்லை தீராது, வலை ஒன்றுதானே. ப்ரோ வாங்கினால் பழைய பிரிட்ஜை இன்வெர்ட்டர் லைனுக்கு விட்டுவிடுங்கள்.

இரண்டாவதற்கு ஆப்பின் செட்டிங்ஸில் 'பவர்-ஆன்' நடத்தை என்று இருக்கிறது. தொழிற்சாலை அமைப்பில் முழு வெளிச்சம் இருக்கும், அதை 'கரண்ட் போகும் முன் இருந்த நிலை' என்று மாற்றுங்கள். புதிதாகச் சேர்க்கும் பல்புக்கும் இதைச் செய்ய மறக்காதீர்கள். கரண்ட் வந்ததும் அத்தனை பல்பும் ஒரே நேரத்தில் 'நான் வந்துவிட்டேன்' என்று வலையில் கத்தும். முதல் இரண்டு மூன்று நிமிடம் ஆப்பை அமுக்காமல் இருந்தால் தானாக அடங்கும்.

வெட்டாறு:
ரிலேக்கும் இதே அமைப்பு தனியாக உண்டு. பார்க்காமல் விட்டால் திண்ணை விளக்கு விடியும்வரை எரியும்.