கறுப்புக் கோப்பியும் மீன் கண்ணும்: சாப்பாட்டையும் சிரிப்பையும் வைத்து ஆளை எடைபோட்ட அனுபவங்கள்

பிடோக் வாசகி:

ஒருவர் எதை விரும்பிச் சாப்பிடுகிறார், எதற்குச் சிரிக்கிறார் என்று பார்த்தாலே அவருடைய குணத்தைச் சொல்லிவிடலாம் என்று வெகுகாலம் நம்பியிருந்தவள் நான். அந்த நம்பிக்கை எப்படி ஆட்டம் கண்டது என்பதை முதலில் எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் நீங்கள் எழுத வேண்டும்.

ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு முன் சரக்குப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் கீழே இருந்த காப்பிக் கடைக்குப் போய் எல்லோருக்கும் கோப்பி வாங்கி வருவது, யாரும் எழுதி வைக்காவிட்டாலும், புதிதாகச் சேர்பவரின் பொறுப்பு. சிங்கப்பூரில் கோப்பி கேட்பதற்கென்று தனி இலக்கணமே இருக்கிறது. வெறும் 'கோப்பி' என்றால் இனிப்பான டின் பால் ஊற்றியது. 'கோப்பி சி' என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சீனியும். 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லாமல் சீனி மட்டும். அதற்கு மேல் 'காவ்' என்றால் கடுப்பம், 'போ' என்றால் இலேசு, 'சியூ தாய்' என்றால் இனிப்புக் குறைவு, 'கோசோங்' என்றால் சீனியே கூடாது. சீனக் கிளைமொழிகளும் மலாயும் கலந்த இந்தச் சொற்களை ஒரு துண்டுத் தாளில் பெயர்வாரியாக எழுதி வைத்திருந்தேன். எழுதும்போதே மனத்துக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு குணத்தையும் ஒட்டிவிட்டேன். இஞ்சித் தேநீரான 'தே ஹாலியா' கேட்டவர் அக்கறையானவர்; நுரை பொங்க ஆற்றிய தேநீரான 'தே தாரிக்' கேட்டவர் கலகலப்பானவர்; இப்படியே போயிற்று என் பட்டியல்.

அந்தத் தாளின் கடைசி வரியில் 'கோப்பி ஓ கோசோங் காவ்' என்று இருந்தது. அதைக் குடித்தவர் எங்களுள் மூத்தவர். நாங்கள் அண்ணன் என்றே அழைப்போம். துறைமுகத்தில் பல ஆண்டுகள் இரவு வேலை பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு வந்தவர். பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. கசப்பை விரும்புகிறவர் மனத்திலும் கசப்புதான் இருக்கும் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வோம். இதற்கு நேர்மாறாக இன்னொருவர் இருந்தார். அவர் வாயைத் திறந்தாலே அறை அதிரும், எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும், எனக்கும் பிடித்திருந்தது.

ஒருநாள் மதியம் ஏழெட்டுப் பேராக ரேஸ் கோர்ஸ் சாலைக்கு மீன் தலைக் கறி சாப்பிடப் போனோம். (கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே. கோமஸ் என்பவர் 1949-இல் சீன வாடிக்கையாளர்களை மனத்தில் வைத்து இந்தக் கறியைச் செய்து விற்றதாகச் சொல்வார்கள். சீனர்கள் விரும்பும் மீன் தலையை நம்முடைய புளிக்குழம்பில் போட்ட அந்த மனிதரின் குணத்தைப் பற்றித்தான் உண்மையில் எழுத வேண்டும்.) எங்களோடு வந்திருந்த பயிற்சிப் பையன் சட்டியைக் கைமாற்றும்போது அது சரிந்து, அண்ணனின் வெள்ளைச் சட்டையில் கழுத்திலிருந்து இடுப்புவரை குழம்பு இறங்கியது. வெண்டைக்காய்த் துண்டு ஒன்று அவருடைய சட்டைப் பையில் போய் உட்கார்ந்தது. பையனுக்கு முகம் வெளிறிவிட்டது. அண்ணன் அந்த வெண்டைக்காயை இரண்டு விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு சரியாக இருக்கிறது, சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனால் இரவுச் சாப்பாட்டுக்கு ஆயிற்று" என்றார். பிறகு மீன் தலையின் மேல் பக்கத்தைக் கரண்டியால் நெம்பி, எல்லோரும் ஆசையோடு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்ணை எடுத்துப் பையனின் இலையில் வைத்தார்.

அதே மேசையில் கலகலப்பானவர் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். தயிர்ச்சோறு மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்த சைவத் தோழியைப் பார்த்து, வழக்கம்போல, "பாப்பாவுக்குப் பசி ஆறியதா?" என்று கேட்டார். வழக்கம்போல நாங்களும் சிரித்தோம். அன்று அவள் நிமிர்ந்து, "உங்கள் தொப்பைக்கு ஆறியிருந்தால் சரி" என்றாள். நாங்கள் அதற்கும் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. அவர் போட்ட அடுத்த இரண்டு மாத வேலை அட்டவணையில் சனிக்கிழமைதோறும் அவள் பெயரே இருந்தது.

கசப்புக் கோப்பிக்கான காரணத்தைப் பின்னொருநாள் கேட்டே விட்டேன். துறைமுகத்தில் இரவு ஒரு மணிக்கு ஊற்றி வைத்த கோப்பியைக் குடிக்க மூன்று மணி ஆகும். பால் கோப்பி அதற்குள் ஆறி வாயில் வைக்க முடியாமல் போய்விடும், சீனி போட்டால் எறும்பு மொய்க்கும் என்றார். அவ்வளவுதான். குணமாவது மணமாவது, எறும்புதான் காரணம்.

அண்மையில் தேசிய சேவை முடித்தவன்:

நான் தேக்கோங் தீவில் அடிப்படை ராணுவப் பயிற்சியில் இருந்தபோது நடந்ததை எழுதுகிறேன். காரம் சாப்பிடுகிறவன் துணிச்சல்காரன் என்பது எங்கள் படுக்கை அறையில் யாரும் மறுக்காத சட்டம். எங்கள் வீட்டில் சம்பால் என்ற மிளகாய் விழுதை எல்லோரும் சட்டினிபோல் தொட்டுச் சாப்பிடுவோம். ஆகவே சில்லி பாடி என்ற சின்னக் காரமிளகாயைப் பச்சையாகக் கடித்துத் தின்னும் போட்டியில் நான்தான் வெற்றி பெற்றேன். எனக்கு எதிரில் உட்காரும் சீன நண்பன் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு வந்தால்கூடச் சம்பாலை ஓரமாக ஒதுக்கி, இக்கான் பிலிஸ் என்ற நெத்திலியை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சாப்பிடுவான். அவனை நாங்கள் எவ்வளவு கேலி செய்தோம் என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பிறகு உயரத்தில் ஏறும் பயிற்சி வந்தது. மேலே போன நான் இறங்க முடியாமல், கால் நடுங்கி, கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு அடுத்து ஏறிய அந்த நண்பன் காதருகே வந்து, "கண்ணை மூடிக்கொள், இது சம்பால் என்று நினைத்துக்கொள்" என்று மெதுவாகச் சொன்னான். கீழே நின்றவர்களுக்கு அது கேட்டிருக்காது. அவர்கள் காதில் விழாதபடி சொன்னான் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் பெரிதாகப் படுகிறது.

பல்கலைக்கழகத்தில் உளவியல் பாடம் படித்தபோது இதைத் தேடிப் படித்தேன். மிளகாயில் உள்ள கேப்சைசின், சூட்டையும் வலியையும் உணர்த்தும் ஏற்பியைத்தான் தூண்டுகிறது. நாக்கு வேகிறது என்று மூளைக்குப் பொய்ச்செய்தி போகிறது. அந்த ஏற்பியை 1997-இல் அடையாளங்கண்ட டேவிட் ஜூலியஸ் 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆபத்தில்லை என்று தெரிந்த வலியை மனிதர்கள் ரசிக்கிறார்கள் என்பது பால் ரோசின் என்ற உளவியலாளரின் கருத்து. பென்சில்வேனியாவில் பர்ன்ஸ், ஹேஸ் ஆகிய இருவர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, கிளர்ச்சியூட்டும் அனுபவங்களைத் தேடுவோர் கார உணவைக் கூடுதலாக விரும்பும் போக்கைக் காட்டியது. ஆகவே எங்கள் படுக்கை அறைச் சட்டம் முழுப் பொய்யும் அல்ல. ஆனால் அது பெருங்கூட்டத்தில் தெரியும் சாய்வு. மிளகாயோடு வளர்ந்த ஒருவனை மிளகாயை வைத்து அளப்பதும், மீனவர் வீட்டுப் பிள்ளையை மீன் தின்பதற்காகப் பாராட்டுவதும் ஒன்றுதான். எனக்குக் காரம் பழக்கம். என் நண்பன் அந்தச் சம்பாலை மாதம் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். துணிச்சல் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

முன்னாள் தமிழாசிரியை:

கசப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். கசப்புச் சுவையை விரும்புவோரிடம் பிறரைத் துன்புறுத்தி மகிழும் போக்கு சற்றுக் கூடுதலாக இருப்பதாக ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் எழுதியிருந்தார்கள். அந்தச் செய்தியை என் தம்பி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, பாகற்காய்ப் பிரியையான என்னைக் குறிப்பிட்டிருந்தான். சுமார் 950 அமெரிக்கர்கள் தங்களுக்கு எது பிடிக்கும் என்று தாங்களே சொன்ன விடைகளை வைத்துச் செய்தது அது. வலுவான தொடர்பும் அன்று. நான் பதில் போடவில்லை. மறுநாள் அவனுக்குப் பாகற்காய்ப் பிட்லை கொடுத்தனுப்பினேன்.

நான் சொல்ல வந்தது வேறு. என் மகன் தான் மணக்கப்போகும் பெண்ணை முதன்முதலாகப் பொங்கலன்று வீட்டுக்கு அழைத்து வந்தான். தியோச்சியூ சீனக் குடும்பத்துப் பெண். வாழையிலை போட்டிருந்தோம். அவள் கூட்டு, பொரியல், வடை எல்லாவற்றையும் சாப்பிட்டாள். ரசம் வந்ததும் கை தயங்கியது. பிறகு மிதந்த கொத்தமல்லித் தழையை ஒவ்வொன்றாக எடுத்து இலையின் ஓரத்தில் வரிசையாக அடுக்கத் தொடங்கினாள். பதினொன்று இருந்தன, நான் எண்ணினேன், வேறு என்ன செய்வது? என் நாத்தனார் என் காதில், "தழையையே ஒதுக்குகிறவள் நம்மை ஒதுக்க மாட்டாளா, அண்ணி?" என்றார். நானும் அரைமனத்தோடு தலையாட்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

கொத்தமல்லித் தழை சிலருக்குச் சவர்க்காரம்போல் நாறும் என்பதும், மணத்தை உணரும் மரபணு ஒன்றின் வேறுபாடு அதற்கு ஒரு காரணம் என்பதும் பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. கசப்பிலும் அப்படித்தான். 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொடி காற்றில் பறந்தபோது உடன் இருந்தவர் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. ஒரே பொருள் இரண்டு நாக்குகளில் இரண்டு பொருளாக இருக்கும் என்பது அதிலிருந்து வெளிவந்தது. அந்தப் பெண் தன் வீட்டுச் சூப்பிலும் தழையைப் போடவிடுவதில்லையாம். அன்று அவள் பதினொரு தழைகளையும் எடுத்து முடித்த பிறகு ரசத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள் என்பதை நானும் பார்த்தேன், என் நாத்தனாரும் பார்த்தார். பார்த்தும் இருவரும் தழையை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டோம். இப்போது என் வீட்டில் ரசத்துக்குத் தழை தனிக் கிண்ணத்தில் வருகிறது.

பிடோக் வாசகி சொன்ன கலகலப்பானவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு காரணங்களைச் சொல்கிறது. எள்ளலுக்கு, அதாவது கேலிக்கு, உரை எழுதிய பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர், தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுவது மற்றொன்று என அதை இரண்டாகப் பிரிக்கிறார். வகுப்பில் இதை 20 ஆண்டுகளுக்கு மேல் நடத்தினேன். தேர்வுக்கு வரும் என்பதைத் தவிர அதில் பெரிதாக எதையும் கண்டதில்லை. உங்கள் மேசையில் அந்த இரண்டாவது வகை அண்ணனிடம் இருந்தது, மற்றவரிடம் இல்லை.

பிடோக் வாசகி:

ஆசிரியை அம்மா எழுதியதைப் படித்ததும் எனக்கு ராட் மார்ட்டின் என்ற கனடா உளவியலாளர் 2003-இல் குழுவினரோடு வெளியிட்ட 32 கேள்விகள் கொண்ட வினாத்தாள் நினைவுக்கு வந்தது. அவரும் நகைச்சுவையை நான்காகத்தான் பிரிக்கிறார்: பிறரோடு நெருங்க உதவுவது, இடுக்கணில் தன்னைத் தாங்கிக்கொள்வது, பிறரைக் குத்துவது, பிறரை மகிழ்விக்கத் தன்னையே தாழ்த்துவது. சட்டையில் குழம்போடு உட்கார்ந்திருந்த அண்ணனை இரண்டாவதில் வைக்கலாமா, பையனின் பயத்தைப் போக்கியதால் முதலாவதில் வைக்கலாமா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. தயிர்ச்சோற்றுக் கேலிக்கு எங்கே இடம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்குச் சேர்ந்து சிரித்த எங்களுக்கு எங்கே இடம் என்று அந்த வினாத்தாளில் கேள்வி இல்லை.

நீங்கள் குடிக்கும் கோப்பியே உங்கள் குணம் என்ற வகைக் குறிப்புகள் எனக்கும் வாரம் ஒன்று வருகின்றன. படித்தால் ஆமாம், நான்தான் என்றே தோன்றும். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்குக் குண ஆய்வு செய்வதாகச் சொல்லி, எல்லோருக்கும் ஒரே குறிப்பைக் கொடுத்தார். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் 5-க்குப் போட்ட மதிப்பெண்ணின் சராசரி 4.26. நான் அந்தத் துண்டுத் தாளில் மற்றவர்களுக்கு ஒட்டிய குணங்களும் அந்த வகையைச் சேர்ந்தவைதாம்; இரண்டு பேருடைய கோப்பியை மாற்றி எழுதியிருந்தாலும் எனக்குப் பொருத்தமாகவே பட்டிருக்கும்.

அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். சென்ற மாதம் தேக்கா நிலையத்து உணவங்காடியில் அவரைப் பார்த்தேன். மேசையில் பால் கலந்த கோப்பி இருந்தது. அவருடையதாக இருக்காது என்று எண்ணி, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் கோப்பையைத் தம் பக்கம் நகர்த்திக்கொண்டு, "கோப்பி சி, இப்போதெல்லாம் ஆறுவதற்குள் குடித்துவிட நேரம் இருக்கிறது" என்றார். "எறும்பு?" என்றேன். "அதற்கு இன்னும் வேலை இருக்கிறது, துறைமுகத்திலேயே இருக்கிறது" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.