வேற்றுலக ஆட்சியும் மீட்பும்: ஒப்பந்தத்தை நம்பும்படி எழுதுவது எப்படி?

குமுளிச்சாலை:
அறிவியல் புனைகதை, குறுநாவல் அளவு. களம் கம்பம் பள்ளத்தாக்கு. 1 கி.மீ. விட்டமுள்ள விண்கல் பூமியை நோக்கி வருகிறது. வேற்றுலகத்தார் வந்து, கல்லை விலக்கித் தருகிறோம், ஆட்சியை எங்களிடம் கொடுங்கள் என்கிறார்கள். மனிதர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். இதில் இரண்டு ஓட்டை. நம்மாலேயே கல்லை விலக்க முடியாதா? கல் போன பிறகும் ஜனங்கள் ஏன் அடங்கிக் கிடக்கிறார்கள்? இரண்டாவதற்கு ஆயுத பலத்தைத்தான் காரணமாக வைத்திருக்கிறேன். அது சப்பென்று இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

வான்கணக்கு:
முதல் ஓட்டையை அடைப்பது காலக்கெடுதான். 10 வருடம் முன்பே தெரிந்தால் கல்லின் வேகத்தை நொடிக்கு 1 செ.மீ. மாற்றினாலே பூமியைத் தவறவிடும். 6 மாதம்தான் இருக்கிறது என்றால் நொடிக்கு 40 செ.மீ. மாற்ற வேண்டும். உங்கள் கல்லின் எடை ஏறத்தாழ 130 கோடி டன்.

ஒப்பிட்டுப் பாருங்கள். 2022 செப்டம்பர் 26-ல், மோதி விண்கல்லின் பாதையை மாற்ற முடியுமா என்று பார்க்க நாசா அனுப்பிய டார்ட் கலம், 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபஸ் என்ற விண்கல் மீது மோதியது. கலத்தின் எடை சுமார் 570 கிலோ, வேகம் நொடிக்கு 6 கி.மீ.க்குச் சற்று மேல். அந்தக் கல் தன் துணையைச் சுற்றிவரும் நேரம் 33 நிமிடம் குறைந்தது. மோதலில் தெறித்த தூளும் பாறையும் கொடுத்த உதையையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும், உங்கள் கல்லுக்கு அதே மாதிரி 40,000 கலம் வேண்டும்.

கல்லுக்குப் பதில் நீண்ட பாதையில் வரும் வால்மீனாக வையுங்கள். தாமதமாகக் கண்ணில் படுவதற்கு அதுதான் பொருத்தம். அதே அளவு வால்மீனுக்கு அடர்த்தி குறைவு, எடை ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். அப்போதும் 8,000 கலம்.

தக்கலை வாசகி:
இரண்டாவது ஓட்டைக்கு எங்கள் ஊர்ப்பக்க வரலாறே போதும் அண்ணே. 1789 டிசம்பரில் திப்பு, திருவிதாங்கூரின் வட எல்லைக் காப்பு மதிலான நெடுங்கோட்டையைத் தாக்கினார். திருவிதாங்கூர் கிழக்கிந்தியக் கம்பெனியின் காவலை நாடியது, 1795-ல் ஒப்பந்தம். கம்பெனிப் படைக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும்.

1799-ல் திப்பு இறந்தார். ஆபத்து ஒழிந்தது. ஆனால் 1805-ல் புது ஒப்பந்தம் வந்து, கட்ட வேண்டிய தொகை ஏறத்தாழ இரட்டித்து 8 லட்சம் ரூபாய் ஆனது. சாக்கு என்ன தெரியுமா? 1804-ல் படிக்காசை (படைவீரர்களுக்கான படியை) குறைத்ததற்கு நாயர் படை செய்த கலகம். வெளியே எதிரி இல்லாதபோது, உள்ளே நடந்த குழப்பமே காவலைக் கூட்டக் காரணமாயிற்று. பணம் தவறும் என்று தோன்றினால் கம்பெனியே நிர்வாகத்தில் கை வைக்கலாம் என்றும் ஷரத்து உண்டு.

கழுத்தை இறுக்கியது பீரங்கி இல்லை, பாக்கி. அதனால் உங்கள் கதையில் மீட்புக்கு ஒரு விலை, அதன் பிறகு வருடக் கட்டணம் என்று பிரித்து எழுதுங்கள். தவணை தவறும் இடத்தில் கதை திரும்பட்டும். வேற்றுலக அரசர் யாரும் நேரில் வரவே வேண்டாம். தலைநகரில் ஒரு ரெசிடெண்ட் (கம்பெனி அரசவையில் வைத்திருந்த பிரதிநிதி மாதிரி), அவருக்குப் பத்துப் பேர், அவ்வளவுதான்.

கதாபாத்திரம் வேண்டுமானால்: 1805-ல் திருவிதாங்கூரின் தளவாயாக (தலைமை அமைச்சராக) இருந்து ஒப்பந்தத்தை முடித்தவர் தலக்குளத்து வேலுத்தம்பி. அதே மனிதர்தான் 1809 ஜனவரியில் கொல்லம் பக்கத்துக் குண்டறையில் கம்பெனிக்கு எதிராகப் பிரகடனம் வெளியிட்டார். கையெழுத்துப் போட்டவனே கிளர்ச்சிக்காரன் ஆகிறான். இதைவிட வலுவான ஆள் கிடைக்கமாட்டான்.

குமுளிச்சாலை:
பாக்கி! ரொம்ப நன்றி அக்கா. ஆனால் கட்டணமாக எதை வாங்குவார்கள்? தங்கம், தண்ணீர் என்று எழுதினால் பழைய சினிமா மாதிரி ஆகிவிடும்.

மதகடி:
பொருளே வேண்டாம் தம்பி, உரிமையை வாங்கட்டும். உங்கள் களத்திலேயே மாதிரி இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணைக்காகத் திருவிதாங்கூர் சென்னை மாகாணத்துக்குக் கொடுத்த நிலக் குத்தகை 1886-ல் கையெழுத்தானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய், 999 வருடம். அணை கேரளத்தில், மதகு தமிழ்நாட்டு நீர்வளத் துறையிடம். ஒரே சுவர், இந்தப் பக்கம் இருபோக நெல், அந்தப் பக்கம் ஆற்றோர ஊர்களுக்குப் பயம். இரண்டு பக்கத்தாருமே நல்லவர்களாக இருக்கலாம் என்பதுதான் கதைக்கு உயிர். கல்லைப் பாதையிலிருந்து விலக்கும் கருவியும் அப்படித்தான். விலக்கத் தெரிந்தவனுக்குத் திருப்பவும் தெரியும். இந்தச் சிக்கலை அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் 1994-லேயே எழுப்பியிருக்கிறார்.

அதனால் கல்லை முழுசாக அப்புறப்படுத்த விடாதீர்கள். பூமிக்குப் பக்கத்தில் ஒரு பாதையில் நிறுத்திவைக்கட்டும், பராமரிப்பு அவர்கள் பொறுப்பு.

இதை ஜனங்கள் மறக்காமல் இருக்க ஒரு சின்னக் காட்சி: தேனி மாவட்டத்தில் காலையில் பேப்பரைப் பிரித்ததும் அணை நீர்மட்டம்தான் பார்ப்பார்கள். 142 அடி வரை தேக்கலாம். இன்றைக்கு எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை. அதே கட்டத்தில் நாலாவது வரியாக 'கல்லின் தூரம்' என்று போடுங்கள். டீக்கடைப் பெஞ்சில் ஒருவர் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, நேற்றைவிட 40 கி.மீ. குறைந்திருக்கிறது, தவணை எப்போது என்று கேட்கட்டும்.

தக்கலை வாசகி:
மதகடி அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஷரத்தின் வாசகத்தைக் கதையில் முழுசாகக் கொடுங்கள், சுருக்கிச் சொல்லாதீர்கள். 'காவல் தேவைப்படும் காலம் வரை' என்று மட்டும் இருக்கட்டும். தேவை தீர்ந்ததா என்று யார் முடிவு செய்வது என்பதை எந்த வரியிலும் எழுதாதீர்கள். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு கணக்குப்பிள்ளை அதைக் கண்டுபிடிக்கலாம்.