புதுப்பிப்பு: ஜம்பிங் ஸ்டில்ட்ஸ் மூட்டில் 'டக் டக்' சத்தம்

என் ஜம்பிங் ஸ்டில்ட்ஸின் (காலில் கட்டிக்கொண்டு குதிக்கும் ஸ்பிரிங் பொய்க்கால்) இடது மூட்டு ஒவ்வொரு குதிப்புக்கும் சத்தம் போடுகிறது, ஸ்பிரே அடித்தும் போகவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். நேற்று கழற்றிவிட்டேன். காரணம் உள்ளே இருக்கும் பேரிங்தான் (இரண்டு வளையங்களுக்கு நடுவே சின்னக் குண்டுகள் உருளும் பாகம்).

விரலில் மாட்டிச் சுற்றினால் ஒரே இடத்தில் தட்டித் தட்டி நின்றது. ரப்பர் மூடியை ஊசியால் நெம்பினேன். உள்ளே கிரீஸ் துருவோடு கலந்து செங்காவிச் சேறாகக் கிடந்தது.

சைக்கிள் சக்கரத்தில் பேரிங் முழுச் சுற்று சுற்றும், கிரீஸ் பரவிக்கொண்டே இருக்கும். இந்த மூட்டு முன்னும் பின்னும் கொஞ்சம்தான் ஆடும். அதே குண்டுகள் அதே இடத்தையே அடித்து அடித்துக் குழி விழுகிறது, கிரீஸும் ஓரமாக ஒதுங்கிவிடுகிறது. நான் அடித்த ஸ்பிரே மிச்சமிருந்த கிரீஸையும் கரைத்துவிட்டது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

என்னுடையதில் இருந்தது 608 என்ற எண் கொண்ட பேரிங்: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ. உங்களுடையதில் வேறாக இருக்கலாம், ஓரத்தில் பொறித்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். இருபுறமும் ரப்பர் மூடி உள்ளதே நல்லது.

புது பேரிங்கை மூட்டுக்குள் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். உள்வளையத்தில் தட்டினால் அடி குண்டுகள் வழியாகப் போய், புதுசிலேயே குழி விழும். வெளிவளையத்தின் மேல் பாக்ஸ் ஸ்பானர் தலையை வைத்து, வைஸில் (திருகி இறுக்கும் பிடிப்புக் கருவி) மெதுவாக இறுக்கினேன்.

சத்தம் போயே போச்சு. அப்புறம், வலது பக்கத்தை ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறேன்.