புதுப்பிப்பு: வீட்டுக்குள் சுவர்க்கோழித் தொல்லை, எது பலன் தந்தது

மன்னார்குடிப் பக்கம் வயலை ஒட்டிய எங்கள் வீட்டில், குறுவை நெல் அறுவடைக்குப் பிறகு சுவர்க்கோழிப் பூச்சி புகுந்து இரவெல்லாம் கத்துகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வேலை செய்தது வாசல் விளக்கை மாற்றச் சொன்னவரின் யோசனைதான். வெள்ளை எல்இடியைக் கழற்றிவிட்டு மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பு போட்டதும் வாசலில் மொய்க்கும் பூச்சிக் கூட்டம் நன்றாகக் குறைந்தது. அப்புறம் கதவடியில் ரப்பர் பட்டை. பழைய கதவு, வாசற்படிக்கும் அதற்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. அதுதான் அவற்றுக்கு ராஜபாட்டை. கொல்லைச் சுவரை ஒட்டிக் கிடந்த வைக்கோலையும் தள்ளிப் போட்டோம்.

வேப்பெண்ணெய் தெளித்ததில் வாடைதான் மிச்சம். வெல்லத் தண்ணீர்க் கிண்ணத்தில் சில விழுந்தன, கூடவே எறும்பும் வந்துவிட்டது.

எதிர்பாராத லாபம்: வயலிலிருந்து வந்து சாப்பாட்டுத் தட்டில் விழும் பச்சைத் தத்துப்பூச்சியும் குறைந்துவிட்டது.

அரிசி மூட்டைக்குப் பின்னால் மட்டும் ஒன்று இன்னும் கத்துகிறது. கத்துவது ஆண்தான், கிட்டே போனால் நிறுத்திவிடும். தேடி அலையாதீர்கள். இரவில் ஈரச் சாக்கைத் தரையில் போட்டு வைத்தால் அடியில் போய் ஒண்டும். காலையில் சுருட்டி வெளியே உதறிவிடலாம்.