கொல்லையில் ஆண் வாத்து எத்தனை வேண்டும்?

குழு: சோழவந்தான் வீட்டார்

நான்: அனைவருக்கும் வணக்கம். நம் கொல்லையில் வளரும் ஏழு வாத்துகளில் மூன்று ஆண் என்பது தெளிவாகிவிட்டது. மூன்றுக்கும் வால் இறகு மேல்நோக்கிச் சுருண்டிருக்கிறது, குரலும் அடங்கிக் கரகரக்கிறது. பெட்டைகள் நான்கும் தெருக்கோடி வரை கேட்கும்படி கத்துகின்றன. ஆண்களை வைத்துக்கொள்ளலாமா என்று பெரியவர்கள் சொல்லுங்கள்.

தேனூர் பெரியப்பா: வளர்த்ததை எதற்கம்மா விலக்க வேண்டும்? ஆண் இல்லாவிட்டால் பெட்டை ஒழுங்காக முட்டையிடாது. மூன்றும் இருந்துவிட்டுப் போகட்டும்.

மேலூர் அத்தை: அப்படி இல்லை அண்ணா. தீவனமும் பகல் வெளிச்சமும் போதிய அளவு கிடைத்தால், பருவம் வந்த பெட்டை ஆண் இல்லாமலும் முட்டையிடும். ஆண் மிதித்த முட்டைதான் குஞ்சு பொரிக்கும் என்பது மட்டுமே வேறுபாடு. நீ முட்டைக்கு வளர்க்கிறாயா, குஞ்சுக்கு வளர்க்கிறாயா என்பதை முதலில் சொல்லம்மா.

நான்: முட்டைதான் முதன்மை, அத்தை. ஆயினும் ஆண்டுக்கு ஒரு முறையாவது அடை வைத்து நான்கைந்து குஞ்சுகள் எடுக்க ஆசை.

மேலூர் அத்தை: அப்படியானால் ஒன்று போதும். ஓர் ஆணுக்கு ஐந்தாறு பெட்டைகள் இருப்பது நல்லது. உன்னிடம் நான்குதான் உள்ளன. ஏறும்போது ஆண் பெட்டையின் பிடரியை அலகால் கவ்விக்கொள்ளும் என்பதால், மூன்றும் மாறி மாறி மிதித்தால் பிடரி இறகு பிய்ந்து, முதுகு புண்ணாகி, பெட்டை தீவனத் தட்டுக்கு வரவே அஞ்சும். தண்ணீருக்குள் இரண்டு மூன்று ஆண்கள் ஒரே பெட்டையை அமுக்கினால் அது மூழ்கிச் செத்தும் போகும்.

திருமங்கலம் தம்பி: அக்கா, கோழிகளும் அதே கொல்லையில்தானே மேய்கின்றன? கால்நடை மருந்தகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் வெளிப்படையாகச் சொல்கிறேன், பெரியப்பா பொறுத்துக்கொள்ள வேண்டும். சேவலுக்கு இல்லாத நீண்ட உறுப்பு ஆண் வாத்துக்கு உண்டு. பெட்டை போதாமல் அது கோழியின் மேல் ஏறினால், உள்ளே காயம்பட்டுக் கோழி இறக்கக்கூடும்.

தேனூர் பெரியப்பா: பொறுத்துக்கொண்டேன். மூன்றையும் தனிக் கூண்டில் போட்டால் ஆகாதா?

திருமங்கலம் தம்பி: ஆகும், பெரியப்பா. பெட்டை கண்ணில் படாவிட்டால் ஆண்கள் பெரும்பாலும் சண்டையின்றி ஒன்றாக இருக்கும். ஆனால் முட்டையிடாத மூன்று வாத்துகளுக்கு ஆண்டு முழுவதும் தவிடும் குருணையும் யார் வாங்குவது?

மதுரை சித்தி: எங்கள் குடியிருப்பில் உன்னிடம் முட்டை வாங்குபவர்களில் இருவர், கரு கூடிய முட்டை வேண்டாம் என்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

திருமங்கலம் தம்பி: அன்றாடம் காலையிலேயே எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டால் கரு வளராது, சித்தி, சுவையும் சத்தும் அதேதான். ஆனால் சித்திரை வெயிலில் வெளியே கிடக்கும் முட்டையில் அடைக்கோழி இல்லாமலேயே கரு வளரத் தொடங்கிவிடும். கண்டிப்பாக வேண்டாம் என்பவர்களுக்கு, ஆணைப் பிரித்து இரண்டு மூன்று வாரங்கள் கழித்து இடும் முட்டைகளைத்தான் கொடுக்க வேண்டும். மிதித்ததன் பலன் பிரித்த அன்றே போய்விடாது.

தேனூர் பெரியப்பா: ஏழும் ஒரே அடையில் பொரித்தவை என்று நீ முன்பே சொன்னாய் அல்லவா? உடன்பிறந்தவற்றுக்குள் குஞ்சு எடுத்தால் வர வர வம்சம் நலிந்துவிடும். எங்கள் கண்மாய்க்குக் கீழே அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ப்பவர்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். மூன்றையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு, வேறு மந்தையில் பிறந்த சாதுவான ஆண் ஒன்றை நானே பார்த்து வாங்கித் தருகிறேன். அடைக்கு நாட்டுக்கோழியே போதும். ஆனால் கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள் என்பதால், கோழி நடுவில் எழுந்துவிடாமல் தீனியும் தண்ணீரும் பக்கத்திலேயே வை.

மேலூர் அத்தை: அண்ணன் மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கி வந்துவிட்டாரே!

திருமங்கலம் தம்பி: புதிதாக வருவதை இரண்டு வாரமாவது தனியே கட்டிவைத்துக் கழிச்சலோ மூக்கொழுகலோ இல்லை என்று தெரிந்த பின்பே மற்றவற்றோடு விடுங்கள், அக்கா. அதற்கென்று தண்ணீர்ச் சட்டியும் வேறாக இருக்கட்டும்.

நான்: அப்படியே செய்கிறேன். பெரியப்பா, ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றையும் கூடையில் போட்டு உங்களுக்குக் கொடுத்தனுப்புகிறேன். அதுவரை அவற்றைப் பழைய மாட்டுக்கொட்டகையில் அடைத்துவைக்கிறேன்.